வேலூர் வீட்டில் பழைய பிரெஞ்சுச் சமையலறை: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பழைய பிரெஞ்சுச் சமையலறை என்று சொல்லும்போது நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்நாட்டின் உழவர் வீடுகளிலும் சிற்றூர் வீடுகளிலும் புழங்கிய, வேலைக்கென்றே அமைந்த ஓர் அறையைத்தான். சுண்ணாம்பு அடித்த சுவர், சுட்ட மண் ஓடு பாவிய தரை, தடித்த மரமேசை, ஆழம் குறைந்த கல் தொட்டி, அளவுவாரியாகத் தொங்கும் செம்புப் பாத்திரங்கள், உப்புக்கும் மாவுக்கும் காப்பிக்கும் தனித்தனி எனாமல் டப்பாக்கள், சன்னலின் கீழ்ப்பாதியை மட்டும் மறைக்கும் மெல்லிய திரை ஆகியவையே அதன் உறுப்புகள். வளைந்த கால்களும் தங்கப் பூச்சும் பூவேலைப்பாடுகளும் மாளிகைகளின் வரவேற்பறைக்கு உரியவை. அவற்றைச் சமையலறைக்குள் கொண்டுவந்தால் வீடு பிரெஞ்சு வீடாகத் தோன்றாமல் திருமண மண்டபமாகத் தோன்றும்.

சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் பாகாயத்திலும் வீட்டைப் புதுப்பிப்போர் பலர் இந்தப் பாணியைக் கேட்கிறார்கள்; கேட்டதும் வெளியூரிலிருந்து எதையெல்லாம் வரவழைக்க வேண்டும் என்ற கணக்கில் இறங்கிவிடுகிறார்கள். அந்தக் கணக்கு தேவையில்லை என்பதுதான் என் உறுதியான கருத்து. சுண்ணாம்பு, சுட்ட மண், செம்பு, கருங்கல், கட்டம் போட்ட பருத்தித் துணி ஆகிய ஐந்தும் இந்த வட்டாரத்துக் கைகளுக்குப் பழக்கமானவை. பிரெஞ்சுக் கிராமத்துச் சமையலறையும் பெரும்பாலும் இவற்றால்தான் ஆனது. செலவைக் காட்டிலும் முறையும் வரிசையும் இங்கே முக்கியம்.

முதலில் அறையைக் காலி செய்தல்

எதையும் வாங்குவதற்கு முன், சமையலறையில் உள்ள எல்லாவற்றையும் கூடத்தில் எடுத்து வைத்து, ஒரு வாரம் சமைக்கும்போது தேவைப்படுவதை மட்டும் ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுசெல்லுங்கள். வார முடிவில் கூடத்தில் மிஞ்சி நிற்பவை பரணுக்கோ வேறு வீட்டுக்கோ போக வேண்டியவை. இந்தப் பாணியில் பொருள்கள் கண்ணுக்குத் தெரியும்படி வைக்கப்படுவதால், தேவையற்ற ஒரு பிளாஸ்டிக் டப்பாகூட முழு அறையின் தோற்றத்தையும் குலைத்துவிடும்.

வேலூரின் பழைய வீடுகள் பலவற்றில் சமையலறைச் சுவரில் கடப்பாக் கல் தட்டுகள் பதித்திருப்பார்கள். மாடுலர் அலமாரிக்காக அவற்றைப் பெயர்த்தெடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பெயர்க்காதீர்கள், கதவில்லாத திறந்த தட்டு இந்தப் பாணியின் அடிப்படை, அது உங்கள் சுவரில் ஏற்கெனவே இருக்கிறது. கருங்கடப்பாவின் பின்னால் சுண்ணாம்பு வெள்ளை வந்தவுடன் அறையின் பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்து அளவெடுங்கள். எட்டுக்குப் பத்து அடி அறையில் நடுவே மேசை போட ஆசைப்படுவோர், மேசையைச் சுற்றி மூன்றடி நடைவழி கிடைக்கிறதா என்று முதலில் தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டுப் பார்க்க வேண்டும். கிடைக்காவிட்டால், சுவரோடு ஒட்டிய இரண்டடி அகல மேசை ஒன்று போதும். அதன்மேல் காய் நறுக்கலாம், சப்பாத்திக்கு மாவு பிசையலாம், பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கலாம்.

சுவருக்குச் சுண்ணாம்பு

இந்தப் பாணியின் ஒளி முழுவதும் சுவரிலிருந்துதான் வருகிறது. எமல்ஷன் பெயிண்டில் எவ்வளவு தேடினாலும் சுண்ணாம்பின் மேகம் படிந்தது போன்ற ஏற்றத்தாழ்வான வெண்மை கிடைக்காது. சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சணத்தை எளிதில் வளரவிடாது. சுவரின் ஈரத்தை அடைத்து வைக்காமல் வெளியே விடும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பெயிண்டின் மேலும், அதற்கு அடியில் சுவரைச் சமன்படுத்தப் பூசும் பட்டியின் (புட்டி) மேலும் சுண்ணாம்பு பிடிக்காது. பழைய பூச்சைச் சுரண்டி, சிமென்ட் பூச்சோ சுண்ணாம்புப் பூச்சோ வெளியே தெரியும் வரை சுவரை வெறுமையாக்க வேண்டும். சுரண்டும் வேலைதான் கடினம். அடிக்கும் வேலை எளிது.

கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் அதுவே சிறந்தது. நீற்றாத சுண்ணாம்பை வாங்கினால், பெரிய இரும்புப் பாத்திரத்தில் தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் அணியாமல் இந்த வேலையைத் தொடக் கூடாது, பிள்ளைகளை அருகில் விடவும் கூடாது. நீற்றிய சுண்ணாம்பைச் சில நாள்களாவது தண்ணீருக்குள் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். பொடியாக உதிராமல் இருக்க நம் கொத்தனார்கள் அரிசிக் கஞ்சியோ வஜ்ஜிரப் பசையோ சேர்ப்பார்கள். அவர்கள் பழகிய அளவை அவர்களிடமே விட்டுவிடலாம்.

வேலூர் வெயிலுக்கு அப்பட்டமான வெள்ளை கண்ணைக் கூசச் செய்யும். ஒரு வாளிக் கரைசலில் மஞ்சள் ஆக்சைடு பொடி ஒரு சிட்டிகை சேர்த்தால், தென்பிரான்சின் வீடுகளில் காணப்படும் வெண்ணெய் நிறம் வரும். இரும்பு ஆக்சைடு பொடிகளும் அல்ட்ராமரின் நீலப்பொடியும் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். கடையில் கிடைக்கும் எல்லாச் சாயமும் தாங்காது, சில நாள்களில் வெளுத்துவிடும். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்ததும் மிகவும் வெளிறிப் போகும் என்பதால், மூலையில் ஓர் அடி அளவுக்கு அடித்து, மறுநாள் பார்த்த பிறகே முழுச் சுவருக்கும் போங்கள்.

சுவரைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு, அகன்ற தூரிகையால் மெல்லிய பூச்சாக அடியுங்கள். ஒரு பூச்சு காய்ந்ததும் மீண்டும் நனைத்து அடுத்ததை அடிக்க வேண்டும். மூன்று மெல்லிய பூச்சுகள் ஒரு தடித்த பூச்சைக் காட்டிலும் நெடுநாள் நிற்கும். சுண்ணாம்பு வெறுமனே உலர்ந்து இறுகுவதில்லை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைச் சிறிது ஈரத்தின் துணையோடு உட்கொண்டு மீண்டும் கல்லாக மாறுகிறது. ஆகவே அது மெதுவாக உலர வேண்டும். சித்திரை, வைகாசி அனலில் அடித்தால் ஈரம் உடனே ஓடிப்போய், கையை வைத்தால் வெள்ளை ஒட்டிக்கொள்ளும். போகிக்கு முன் வெள்ளையடிக்கும் வழக்கத்தில் இந்தக் காரணமும் அடங்கியிருக்கலாம். மார்கழியும் தையும் இந்த ஊரில் இதற்கு ஏற்ற மாதங்கள்.

அடுப்புக்குப் பின்னால் மட்டும் சுண்ணாம்பு வேண்டாம். தாளிக்கும் எண்ணெயும் மஞ்சளும் அதில் ஊறிவிடும், துடைத்தால் பூச்சே வந்துவிடும். அந்த இடத்தில் மேடையிலிருந்து சிம்னி வரை, மூன்றுக்கு ஆறு அங்குல வெள்ளை ஓடுகளைச் செங்கல் அடுக்கும் முறையில் ஒட்டுங்கள். ஓரம் சரித்த வெள்ளை ஓடு, 1900இல் தொடங்கிய பாரிஸ் மெட்ரோ நிலையங்களின் சுவர்களால் பெயர் பெற்றது. சிறிய வெளிச்சத்தையும் வாங்கித் திருப்பித் தருவதால்தான் நிலத்தடியில் அதைப் பயன்படுத்தினார்கள். ஓடுகளின் இடுக்குக்கு வெள்ளைப் பூச்சு வாங்காமல் வெளிர்சாம்பல் நிறத்தை வாங்குங்கள், ஏனெனில் வெள்ளை இடுக்கு ஒரே மாதத்தில் மஞ்சளாகிவிடும்.

தரையும் மேடையும்

வீடு முழுவதும் விட்ரிஃபைட் டைல்ஸ் போட்டு முடிந்திருந்தால் தரையை உடைக்க வேண்டாம். சுவரும் துணியும் செம்பும் அறையை மாற்றப் போதுமானவை. தரையையும் மாற்றும் வாய்ப்பு இருப்போருக்கு இரண்டு நல்ல வழிகள் உள்ளன. முதலாவது, தென்பிரான்சின் அறுகோணச் சுட்ட மண் ஓடு. அங்கே சலேர்ன் என்ற ஊர் அதற்குப் பெயர் பெற்றது. அறுகோண வடிவிலேயே மண் ஓடுகள் இங்கும் கட்டுமானப் பொருள் கடைகளில் கிடைக்கின்றன. பூச்சில்லாத மண் ஓடு எண்ணெயை உறிஞ்சும் என்பதால், பதித்து நன்றாகக் காய்ந்த பிறகு ஆளிவிதை எண்ணெயைத் துணியால் பலமுறை தேய்த்து ஊறவிட்டு, இறுதியில் மெழுகு பூச வேண்டும். இரண்டாவது, ஆத்தங்குடிக் கல். அது சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணச் சிமென்ட்டை வார்த்து, தண்ணீரில் பதப்படுத்தி எடுக்கப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் பரவிய சிமென்ட் ஓடுகளும் சுடாமல் அழுத்தி வார்த்தவையே என்பதால், இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆத்தங்குடியைப் போட்டால் தரையே அறையின் கோலமாக நிற்கும். பிறகு திரையிலும் மேசைவிரிப்பிலும் பூ வேண்டியதில்லை.

மேடைக்கு வெள்ளைப் பளிங்கு வேண்டும் என்று கேட்போரிடம் நான் எப்போதும் வேண்டாம் என்றே சொல்வேன். பளிங்கு சுண்ணாம்புச் சத்தால் ஆன கல். புளியும் எலுமிச்சையும் தயிரும் அதை அரித்து மங்கலாக்கிவிடும், மஞ்சள் கறை போகவே போகாது. பிரெஞ்சு வீடுகளிலும் பளிங்கு பெரும்பாலும் மாவு வேலைக்கான குளிர்ந்த பலகையாகத்தான் இருந்தது. ஒன்றரை அடிப் பளிங்குத் துண்டு ஒன்றை மேசைமேல் வைத்துக்கொண்டு, மேடைக்குப் பளபளப்பு ஏற்றாத கருங்கல்லையே போடுங்கள். தொட்டியும் கருங்கல்லில் கொத்தியதாக இருந்தால், அந்நாட்டுக் கல் தொட்டிக்கு அதுவே மிக நெருக்கமானது. நம் ஊர்த் தண்ணீரின் உப்பு கருங்கல்லில் வெள்ளைப் படலமாகப் படியும்; வாரம் ஒருமுறை வினிகரால் துடைத்தால் போய்விடும். அந்த வினிகர் பளிங்கின் மீதும் ஆத்தங்குடித் தரையின் மீதும் சிந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மரச்சாமான்கள்

சுவரோடு சுவராகப் பூட்டிய ஒரே நிற அலமாரி வரிசை இந்தப் பாணிக்கு எதிரானது. வெவ்வேறு காலத்தில் வீட்டுக்கு வந்த தனித்தனிச் சாமான்கள் ஓர் அறையில் கூடியிருப்பதே இதன் இயல்பு. ஈ, எறும்பு புகாமல் பால், தயிர் வைக்கப் பாட்டி வீட்டில் வைத்திருந்த வலை அடித்த அலமாரியை முதலில் தேடுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்கு முந்தைய பிரெஞ்சுச் சமையலறையிலும் அதே வேலைக்கு அதே போன்ற வலை அலமாரி இருந்தது. நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தும் நம் பழக்கத்தையும் விட வேண்டியதில்லை. வீட்டில் இல்லாதவர்கள் பழைய மரச்சாமான் கடைகளில் கேட்கலாம். புதுச்சேரிக்குப் போகும் வாய்ப்புள்ளவர்கள் அங்குள்ள பழம்பொருள் கடைகளில் கண்ணாடிக் கதவு வைத்த பாத்திர அலமாரியையும் பிரம்பு பின்னிய நாற்காலியையும் பார்த்து வரலாம். ஆம்பூரிலும் வந்தவாசியிலும் 1749இலும் 1760இலும் போரிட்ட பிரெஞ்சுக்காரர்கள், வேலூரும் அடங்கியிருந்த பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் படையெடுப்பின் கதைகளைத்தான் விட்டுச் சென்றார்கள். வாழ்ந்த வீடுகளும் புழங்கிய சாமான்களும் புதுச்சேரியில்தான் நின்றன.

வண்ணம் பூசுவதில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். தேக்கும் ஈட்டியும் ஆன சாமானுக்கு வண்ணம் பூசாதீர்கள். பழைய மெருகை நீக்கி, மெழுகு மட்டும் தேய்த்து விடுங்கள். சாதாரண மரத்துக்கும் முன்பே பெயிண்ட் அடித்த சாமானுக்கும் சாம்பல் கலந்த நீலமோ கற்பூரவல்லி இலையின் வெளிர்பச்சையோ பொருந்தும். உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, பிரைமர் அடித்து, மினுக்கம் இல்லாத பெயிண்டை இரண்டு பூச்சு அடித்த பிறகு, கை படும் இடங்களில் மட்டும், அதாவது கைப்பிடியைச் சுற்றியும் கதவின் விளிம்பிலும் மேசையின் முனையிலும், மெல்லிய உப்புத்தாளால் மரம் தெரியத் தேய்த்து மெழுகு பூசுங்கள். கை படாத இடத்தில் தேய்த்தால் அது பழமையாகத் தோன்றாது.

பழைய பெயிண்டை உலர்ந்த நிலையில் தேய்ப்பது ஆபத்து. வீட்டுப் பெயிண்டில் காரீயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் காரீயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, நனைத்த உப்புத்தாளால், முகக்கவசம் அணிந்து தேய்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் அந்தப் பக்கம் வரவே கூடாது.

அடுப்பு, சிலிண்டர், மிக்சி

மேடைக்குக் கீழே மரக்கதவுக்குப் பதிலாகத் துணித்திரை தொங்கவிடுவது பிரெஞ்சுக் கிராம வீடுகளின் எளிய வழக்கம். தொட்டிக்குக் கீழும் பாத்திரங்கள் அடுக்கும் பகுதிக்கும் இது மிக அழகாகப் பொருந்தும். அடுப்புக்கு நேர் கீழே மட்டும் துணி கூடாது. சிலிண்டரை எந்தப் பெட்டிக்குள்ளும் அடைக்கக் கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும், ஆகவே சிலிண்டர் நிற்கும் இடத்தில் தரைமட்டத்தில் காற்றுப் போக வழி இருக்க வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும்.

மிக்சி, கிரைண்டர், தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் மூன்றையும் ஒளித்து வைக்க முயல வேண்டாம். தினமும் எடுக்கும் பொருளை ஒளித்தால் நாலாம் நாள் அது மேடைக்கே வந்துவிடும். மூன்றையும் ஒரே மூலையில், சமையலறைக்குள் நுழைபவரின் கண்ணில் முதலில் படாத பக்கத்தில் சேர்த்து வையுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்கு வெள்ளையோ சாம்பலோ போதும்.

செம்பு, எனாமல், மண்

நார்மண்டியில் உள்ள வில்தியூ லெ புவால் என்ற ஊர் நூற்றாண்டுகளாகச் செம்புப் பாத்திரங்களுக்குப் பெயர் பெற்றது. அங்கிருந்து வரும் வாணலிகளின் விலை நம் கைக்கு எட்டாது. எட்ட வேண்டிய தேவையும் இல்லை. வேலூர் லாங் பஜார்ப் பகுதியின் பாத்திரக் கடைகளில் செம்பும் பித்தளையும் எடைக்குக் கிடைக்கின்றன. வீட்டுப் பரணில் கறுத்துக் கிடக்கும் தவலையையும் சொம்பையும் குண்டானையும் முதலில் இறக்கிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கைப்பிடியுள்ள சிறு பாத்திரங்கள் நான்கைந்து சேர்ந்தால் போதும். அடுப்புக்கு இரண்டடி தள்ளி, சுவரில் ஓர் இரும்புக் கம்பியைப் பொருத்தி, கொல்லரிடம் வளைத்து வாங்கிய கொக்கிகளில் பெரியதிலிருந்து சிறியதாக மாட்டுங்கள். கம்பியைத் தாங்கும் திருகுகள் செங்கல்லுக்குள் இறங்கியிருக்க வேண்டும்; சுவர்ப்பூச்சில் மட்டும் நின்றால் செம்பின் கனம் அதைப் பிடுங்கிவிடும்.

செம்பில் சமைக்க விரும்புவோர் உட்புறத்தில் ஈயம் பூசியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூச்சில்லாத செம்பில் புளிக்குழம்பும் ரசமும் மோரும் வைத்தால் செம்பு உணவில் கரைந்து களிம்பேறும், உடம்புக்கு ஆகாது. பூசுவது வெள்ளீயமாக இருக்க வேண்டும், காரீயம் கலந்ததாக இருக்கக் கூடாது. பூசுபவரிடம் இதைத் தயங்காமல் கேளுங்கள். வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகிவிடும் என்பதால், ஈயம் பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் காயவைக்கக் கூடாது, அதில் தாளிக்கவோ வறுக்கவோ கூடாது. பருப்பு வேகவைக்கவும் பாயசம் காய்ச்சவும் அது மிகவும் நல்லது. துலக்குவதற்குப் புளியும் உப்பும் போதும். துலக்கிய கையோடு நன்றாகக் கழுவி ஈரத்தைத் துடைத்துவிட வேண்டும்.

எனாமல் என்பது இரும்பின் மேல் சுமார் 800 பாகை வெப்பத்தில் உருக்கி ஒட்டிய கண்ணாடி. வெள்ளை எனாமலில் நீல விளிம்பு வைத்த டப்பாக்களும் கூஜாவும் இந்தப் பாணியின் முகம். ஓரம் பெயர்ந்த பழைய எனாமலில் உணவு வைக்காதீர்கள்; அதில் கரண்டிகளை நிறுத்தலாம், செடி வைக்கலாம். டப்பாக்களின் மேல் உப்பு, சர்க்கரை, காப்பி என்று தமிழிலேயே எழுதுங்கள். பிரெஞ்சு வீட்டில் பிரெஞ்சில் எழுதியிருந்ததற்குக் காரணம், சமைப்பவர் அவசரத்தில் படித்து எடுக்க வேண்டும் என்பதுதான். நம் வீட்டில் சமைப்பவருக்கும் அதே வசதி கிடைக்க வேண்டும்.

மண்பாண்டங்களுக்கு நாம் வெளியே பார்க்க வேண்டியதே இல்லை. காட்பாடியை அடுத்த கரிகிரியின் மெருகிட்ட மண்பாண்டங்கள் வட ஆர்க்காட்டின் பெருமை. தென்மேற்கு பிரான்சில் வாத்துக்கறியைக் கொழுப்பில் மூடிப் பாதுகாக்க, மேற்பாதிக்கு மட்டும் மஞ்சள் மெருகிட்ட சாடிகளைப் பயன்படுத்தினார்கள். கீழ்ப்பாதியைக் குளிர்ச்சிக்காக மண்ணில் புதைத்து வைத்ததால் அதற்கு மெருகு தேவைப்படவில்லை என்று சொல்வார்கள். அந்தச் சாடியின் இடத்தில் கரிகிரியின் ஒரு சாடியும், வெள்ளையும் பழுப்புமான நம் ஊறுகாய் ஜாடிகள் மூன்றும் வரிசையாக நின்றால் தட்டு நிறைந்துவிடும். அழகுக்கென்று செய்த மெருகிட்ட பாண்டத்தில் ஊறுகாயோ புளியோ வைக்க வேண்டாம். மெருகில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாதவரை அது பூவுக்கும் கரண்டிக்கும் மட்டுமே உரியது.

துணி

பிரெஞ்சுச் சமையலறையில் நம் மண்ணுக்கு நேரடிப் பங்கு இருப்பது துணியில்தான், ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இன்று தென்பிரான்சின் அடையாளமாகக் கொண்டாடப்படும் சிறு பூக்கள் அச்சிட்ட மேசைவிரிப்புகளின் மூலம், பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சாயத்துணி. சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் துவைத்தாலும் போகாதவை என்பதைக் கண்ட பிரெஞ்சு மக்கள் அந்தத் துணிக்கு எவ்வளவு ஆசைப்பட்டார்கள் என்றால், உள்நாட்டுப் பட்டு, கம்பளி நெசவாளரைக் காக்க அரசு 1686இல் அதன் இறக்குமதியையும் அதைப் போல அச்சிடுவதையும் தடை செய்ய வேண்டியதாயிற்று. தடை 1759 வரை நீடித்தது. நீங்கிய மறு ஆண்டே, 1760இல், வெர்சாய் அருகே ஜூய் என்ற ஊரில் ஓபர்காம்ஃப் தம் புகழ்பெற்ற அச்சுத்துணிச் சாலையைத் தொடங்கினார். வெண்மையான துணியில் ஒரே நிறத்தில் கிராமக் காட்சிகள் அச்சிட்ட ஜூய்த் துணி அங்கே பிறந்தது.

எழுதுகோலால் தீட்டும் கலம்காரிக்குப் பெயர் பெற்ற காளஹஸ்தி, 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்படும் வரை வட ஆர்க்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. ஆகவே உங்கள் சமையலறைச் சன்னலுக்குக் காளஹஸ்திக் கலம்காரியில் ஒரு திரை தைத்தால், பாணியிலிருந்து விலகிவிட்டதாக யாரும் சொல்ல முடியாது. பாணியின் வேருக்கே போயிருக்கிறீர்கள். சிறு பூங்கொடி மட்டும் உள்ள துணியாகப் பாருங்கள். புராணக் காட்சிகள் தீட்டிய பெரிய சீலையைச் சமையலறைப் புகையில் தொங்கவிடுவது அந்தக் கைவேலைக்கு இழைக்கும் தீங்கு.

மற்ற துணிகளைக் குடியாத்தம் பார்த்துக்கொள்ளும். பிரெஞ்சு மேசைவிரிப்புகளில் காணப்படும் வெள்ளையும் சிவப்புமான, வெள்ளையும் நீலமுமான சிறு கட்டம், கைலி நெசவுக்குப் பெயர் பெற்ற அந்த ஊரின் தறிகளுக்குப் புதிதல்ல. மேடைக்குக் கீழே தொங்கும் திரைக்கு, மறைக்க வேண்டிய அகலத்தைப் போல் இரண்டு மடங்கு துணி எடுத்தால்தான் மடிப்பு நன்றாக விழும். புதுத் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, சுருங்க விட்ட பிறகு வெட்டுங்கள்; தரையைத் துடைக்கும்போது நனையாதபடி, திரையின் அடி தரைக்கு மூன்று அங்குலம் மேலே நிற்கட்டும். கைதுடைக்க, சிவப்புக் கரை போட்ட வெள்ளை ஈரிழைத் துண்டு போதும். சிவப்புக் கோடு ஓடும் பிரெஞ்சுக் கைத்துண்டுக்கும் அதற்கும் தொட்டுப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

சன்னல் திரை கீழ்ப்பாதியை மட்டும் மறைக்க வேண்டும். தெருவில் போவோருக்கு உள்ளே தெரியாது, மேலிருந்து வெளிச்சமும் காற்றும் வரும். அடுப்பு சன்னலுக்குக் கீழே இருந்தால் அந்தச் சன்னலுக்குத் திரையே வேண்டாம்.

வெளிச்சமும் செடிகளும்

மேசைக்கு மேல் ஒரே ஒரு விளக்கைத் தொங்கவிடுங்கள்; வெள்ளை எனாமல் மூடியோ பால் கண்ணாடி மூடியோ பொருந்தும். பல்பு 2700 கெல்வின் அளவிலான மஞ்சள் ஒளியாக இருக்கட்டும். காய் நறுக்கும் இடத்துக்கு மட்டும் தனியாக வெளிச்சமான விளக்கு வேண்டும்.

லாவெண்டர் செடியை வாங்கி வைத்து, பங்குனியிலேயே அது கருகுவதைப் பார்த்து வருந்துவோர் இங்கே பலர். நம் வெயிலுக்கு அது ஏற்றதன்று. தென்பிரான்சில் பூண்டோடும் ஆலிவ் எண்ணெயோடும் அரைத்து சூப்பில் கலக்கும் இலை, நம் ஊர்த் திருநீற்றுப்பச்சிலையின் இனம்தான். சன்னல் ஓரத் தொட்டியில் தாராளமாக வளரும். அதோடு கற்பூரவல்லியும் வைக்கலாம். பூண்டைத் தண்டோடு வாங்க முடிந்தால், பின்னிச் சரமாகத் தொங்கவிடுங்கள். மேசைமேல் ஒரு மூங்கில் தட்டில், அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக்கத்திரியும் எலுமிச்சையும் சிறிய வெங்காயமும் குவிந்திருந்தால் பூச்சாடி தேவைப்படாது. அந்தக் கத்திரிக்காய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் ஊதா நிறம் வெண்ணெய் நிறச் சுவருக்கு முன்னால் நன்றாக எடுத்துக் காட்டும்.

வாடகை வீட்டில் இருப்போர்

சுவரையும் தரையையும் தொட முடியாதவர்கள், இந்த வழிகாட்டியில் மரச்சாமான்களிலிருந்து தொடங்கி மேசைவிளக்கு வரை உள்ளதை மட்டும் செய்யலாம். கம்பிக்குத் துளையிட வீட்டுக்காரர் இசையாவிட்டால், சன்னல் கம்பிகளிலேயே கொக்கிகளை மாட்டி இலேசான பாத்திரங்களைத் தொங்கவிடலாம். மேடைத் திரைக்கு ஆணி வேண்டாம். இரண்டு பக்கச் சுவர்களுக்கு இடையில் விரிந்து தானாக நிற்கும் ஸ்பிரிங் கம்பி கடைகளில் கிடைக்கிறது. வலை அலமாரி, மேசை, இரண்டு நாற்காலி மூன்றும் தனிச் சாமான்களாக இருப்பதால், வீடு மாறும்போது அப்படியே உடன் வரும். வாங்கும் முன் மாடிப்படியின் அகலத்தையும் சமையலறைக் கதவின் அகலத்தையும் அளந்து, குறித்த தாளைக் கடைக்குக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.